இரண்டு விரல் பனி

இன்று காலை ஒன்பது மணிக் கூட்டத்துக்கு வரவேண்டியவர்கள் ஏழு பேர். வந்திருந்தது நான் மட்டும். வாசல் காவலாளி குவாமியையும் சேர்த்தால் இரண்டு பேர். ஆனால் அவரைக் கூட்டத்துக்கு யாரும் அழைத்திருக்கவில்லை. மேலாளர் ஹெலன் வரவில்லை. மார்க் வரவில்லை. அலுவலகத்திலிருந்து நாலு நிமிட நடையில் வீடு எடுத்திருப்பதாகப் பெருமையடிக்கும் டேவிட்கூட வரவில்லை. தொலைபேசியில் வரிசையாகச் செய்திகள்: பனி, பனி, மன்னிக்கவும், பனி. ஒருத்தி தன் தோட்டத்து மேசையைப் படம்பிடித்து அத்தாட்சியாக அனுப்பியிருந்தாள். பெருப்பித்துப் பார்த்தேன். புட்டுக்கு இடையில் போடும் தேங்காய்ப்பூ அளவுக்குத்தான் இருந்தது.

நான் வழமைபோல ஏழரைக்கு லண்டன் கோலியர்ஸ் வுட் நிலையத்தில் ஏறி, ஆளில்லாத ரயிலில், பழக்கதோஷத்தால் நின்றுகொண்டே வந்து, சப்பாத்தைத் தட்டிவிட்டு, வெறும் கூட்ட அறையில் விளக்கைப் போட்டேன். போட்ட பிறகு என்ன செய்வதென்று தெரியவில்லை. குவாமி உள்ளே வந்து கெட்டிலைப் போட்டார். "உனக்கும் எனக்கும் மட்டும் யாரும் சொல்லவில்லை போல" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரவு முழுக்க ஷிப்ட் செய்தவன்போல ஒரு களைப்பு. மேலங்கியைக் கழற்றாமலே உட்கார்ந்துவிட்டேன். கெட்டில் இரைந்தது, நனைந்த கம்பளியின் மணம் என்னிலிருந்தே எழுந்தது. அந்தச் சத்தமும் இந்த மணமும் ஒன்றாகச் சேர்ந்த இடம் எனக்கு ஒன்றே ஒன்றுதான்.

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கோர்ன்வாலில், கடலிலிருந்து ஒரு மைல் உள்ளே, ஒரு கிராமம். ஒரு தேவாலயம், ஒரு மதுச்சாலை, ஒரு கடை. கடை என் பெரியம்மாவின் மகள் வசந்தியக்காவுடையதும் அத்தானுடையதும். லண்டனில் பதினைந்து வருடம் மற்றவர்களின் கல்லாவில் நின்ற பிறகு, லண்டனில் கடை வாங்க முடியாததால், வாங்கக்கூடிய இடம்வரை போய் வாங்கிய கடை. அங்கே பனி கொட்டாது என்று விற்றவர் சொல்லியிருந்தார். அது உண்மைதான், கடற்காற்று எதையும் உறைய விடாது. பஸ் தரிப்பிடத்தில் பனைமாதிரி ஒரு மரம்கூட நின்றது. "உந்த மரம் நிக்கிற ஊரில ஸ்நோ எப்பிடியடா வரும்?" என்பார் அத்தான், ஏதோ மரத்தோடு ஒப்பந்தம் எழுதிவைத்தவர்போல.

நான் அப்போது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம், இரசாயனம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள். இதைப் பெருமையாகச் சொல்கிறேன் என்று நினைக்கவேண்டாம், அது ஒரு வேலை. அப்பா மூன்றாம் வகுப்போடு கடலுக்குப் போனவர். அம்மாவுக்குத் தன் பெயரை எழுதத் தெரியும். ஆகவே லண்டனுக்கு வந்த பன்னிரண்டாவது வயதிலிருந்து, வீட்டுக்கு வரும் கடிதமெல்லாம் என் கையில்தான். கவுன்சில் வரி, மின்சாரம், பெனிபிட், பக்கத்து வீட்டாரின் வழக்கறிஞர் கடிதம் எல்லாவற்றையும் வாசித்து, "ஒண்டுமில்லை" அல்லது "பிரச்சினை" என்று தீர்ப்புச் சொல்லுவேன். பிறகு சொந்தக்காரரும் தங்கள் கடிதங்களைக் கொண்டுவந்தார்கள். பதினாறு வயதில் எனக்கு ஒரு சின்ன நீதிபதியின் நடை வந்திருந்தது. அந்த நடையோடுதான், பல்கலைக்கழகத்தில் ஒரு வாரம் விடுமுறை கிடைத்தபோது, அக்கா கடைக்குப் போனேன்.

கடைக்குப் பின்னால் ஒரு களஞ்சிய அறை. ஈரமான அட்டைப்பெட்டி மணமும் அரிசிச் சாக்கின் மணமும் கலந்திருக்கும். அங்கேதான் சிவம் அண்ணை இருந்தார். அத்தானின் ஊர்க்காரர், முப்பத்தைந்து வயது, ஒல்லியான நெடுவல். அகதி வழக்குப் போட்டு மூன்றாவது வருடம். பதிவு செய்த விலாசம் லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் ஓர் அறை. வேலை செய்ய அனுமதி இல்லை. ஆகவே அவர் கடை வாசலுக்கு வருவதில்லை. களஞ்சியத்தில் பெட்டி பிரிப்பார், விலை ஒட்டுவார், எங்கள் நாலு பேருக்கும் சமைப்பார். இரண்டு கிழமைக்கு ஒருமுறை திங்கட்கிழமை ரயிலேறிப் போய், செவ்வாய் காலை லண்டன் அலுவலகத்தில் கையெழுத்து வைத்துவிட்டுத் திரும்புவார். போகாவிட்டால் பிடித்து அடைப்பார்கள் என்பது எங்களுக்குள் எல்லாருக்கும் தெரிந்த செய்தி. யாரை அடைத்தார்கள் என்று கேட்டால் ஒருவருக்கும் பெயர் தெரியாது.

ஆனால் அவரை எனக்கு முதலில் தெரிந்தது கோடைகாலத்தில், டூட்டிங் பக்கத்து மைதானத்தில். தமிழ்க் கழகங்களின் வொலிபோல் போட்டி. சிவம் அண்ணை சேர்விஸ் போடப் பின்னால் போனால், எதிரணிக்காரர் முழங்காலில் கையூன்றிக் குனிவார்கள். பந்தை இடது கையில் ஏந்தி, ஒருமுறை முகர்ந்து பார்ப்பதுபோல மூக்கருகே கொண்டுபோய், பிறகு வலது மணிக்கட்டால் ஒரு வெட்டு. பந்து நேரே வந்து, வலையைத் தாண்டியதும் மனம் மாறியதுபோல விழும். ஒருமுறை தொடர்ந்து ஒன்பது புள்ளி. எதிரணித் தலைவர் கத்தினார்: "அண்ணை, ஒண்டையாவது எங்களுக்குத் தொடத் தாங்கோ!" சிவம் அண்ணை வாழ்நாளில் பலமாகச் சிரித்ததை நான் பார்த்தது அங்கேதான்.

சரி, பனிக்கு வருகிறேன்.

அது ஒரு திங்கட்கிழமை. விடிய எழுந்து திரையை விலக்கினால் வெளியே எல்லாம் வெள்ளை. அளந்தால் இரண்டு விரல் உயரம் இருக்கும். பனைமாதிரி மரத்தின் தலையில் ஒரு வெள்ளைத் தொப்பி. அத்தான் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "ஏமாத்திப்போட்டாங்கள்" என்றார்.

பத்திரிகைக் கட்டு வரவில்லை. பேக்கரிப் பாண் வரவில்லை. பால் மட்டும் எப்படியோ வந்து, தெருவோரத்தில் கூடை கூடையாக இறங்கியிருந்தது. பள்ளிக்கூடம் மூடியதாக வானொலி சொன்னது. பிள்ளைகள் தேநீர்த் தட்டில் உட்கார்ந்து சரிவில் வழுக்கினார்கள். பெரியவர்களும் வீதியில் நின்று, ஒரு கலியாண வீட்டுக்கு வந்தவர்கள்போலச் சிரித்துப் பேசினார்கள். அத்தான் வாசலைத் துப்புரவாக்க மண்வெட்டி தேடினார்.

"ஏன் அத்தான் கஷ்டப்படுறியள்? சுடுதண்ணி ஊத்தினா ஒரு நிமிசத்தில கரைஞ்சிடும்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். உருகலைப் பற்றியும் வெப்பத்தைப் பற்றியும் ஒரு சின்ன விரிவுரை வேறு வைத்தேன்.

"கேட்டியே சிவம்? எங்கட விஞ்ஞானி சொல்லுறான். மண்வெட்டியை வை."

ஆறு கெட்டில் தண்ணீர். ஆவி எழும்ப எழும்ப ஊற்றினேன். பனி கரைந்து ஓடி, வாசல் கற்கள் கழுவிவிட்டதுபோலக் கறுப்பாக மினுங்கின. அக்கா கதவடியில் நின்று, "கோலம் போடலாம் போல கிடக்கு" என்றா. நான் கெட்டிலை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற நிலையை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அரை மணித்தியாலத்தில் பாலை உள்ளே எடுக்கவேண்டி வந்தது. அத்தானுக்கு நாரிப் பிடிப்பு, குனிய முடியாது. நான் கல்லாவில். தெருவில் வெளியாட்கள் இல்லை, எல்லாம் ஊர்ச்சனம்தானே என்று சிவம் அண்ணை தானே வெளியே போனார். கூடை விழுந்த சத்தம்தான் எனக்குக் கேட்டது. அவர் சத்தமே போடவில்லை. ஓடிப்போன நானும் வழுக்கிக் கதவைப் பிடித்துத் தொங்கினேன். நான் கழுவிவைத்த கற்களில் தண்ணீர் உறைந்து கண்ணாடியாகியிருந்தது. பால் வெள்ளையாக ஓடி, பனியில் எது பால் எது பனி என்று தெரியாமல் போனது. நடுவில் சிவம் அண்ணை வலது கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார், அது வேறு யாரோ வைத்திருக்கச் சொல்லிக் கொடுத்த பொருள்போல.

எதிர்வீட்டுக் கிழவர் வந்தார். நேரே கடைக்குள் போய், இரண்டு பக்கற் உப்பை எடுத்துவந்து, கற்களில் தூவினார். உப்பு. எங்கள் கடையில், மூன்றாவது தட்டில், மிளகாய்த்தூளுக்குப் பக்கத்தில் இருந்த உப்பு. அக்கா என்னைப் பார்த்தா. "உது உன்ர புத்தகத்தில இல்லையோடா?"

இருந்தது. முதலாம் வருடத்திலேயே இருந்தது.

கிழவர் அம்புலன்ஸ் கூப்பிடட்டுமா என்றார். அத்தான் முந்திக்கொண்டு, இவர் விடுமுறைக்கு வந்த சொந்தக்காரர், ஒன்றுமில்லை, சின்னச் சுளுக்கு என்று ஆங்கிலத்தில் படபடவென்று சொல்லிச் சிவம் அண்ணையைக் களஞ்சியத்துக்குள் கொண்டுபோனார். அரிசிச் சாக்கில் இருத்தினோம். மணிக்கட்டு அதற்குள் வீங்கி ஒரு பக்கம் திரும்பியிருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போவம். அவசரப் பிரிவில விசாவெல்லாம் கேக்க மாட்டினம், எனக்குத் தெரியும்" என்றேன்.

"சுடுதண்ணியும் நீதான் சொன்னனீ" என்றார் அத்தான்.

அக்கா சிரித்தா. அந்த வலியிலும் சிவம் அண்ணை சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்போடு என் வாய் அடைத்துப்போனது. எட்டு வருடம் ஊருக்கெல்லாம் தீர்ப்புச் சொன்ன வாய்.

அடுத்த நாள் காலை பத்து மணிக்கு லண்டனில் கையெழுத்து. பஸ் ஓடவில்லை. அத்தானின் வான் வண்டி சரிவில் ஏறாது. சிவம் அண்ணை இடது கையால் சட்டைப்பையிலிருந்து அலுவலகக் கடிதத்தை எடுத்து என்னிடம் தந்தார். "ஒருக்கா வாசி தம்பி. லேற்றாப் போனா என்ன செய்வினம் எண்டு போட்டிருக்கோ?"

வாசித்தேன். வராவிட்டால் நடவடிக்கை எடுக்கப்படலாம் என்று தடித்த எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே, சின்ன எழுத்தில், வரமுடியாத நியாயமான காரணம் இருந்தால் இந்த இலக்கத்துக்குத் தொலைபேசவும் என்று ஒரு வரி.

"வர ஏலாட்டி இந்த நம்பருக்கு அடிக்கலாம் எண்டு இருக்கு" என்றேன், மெதுவாக.

"உதெல்லாம் சும்மா போடுறது" என்றார் அத்தான். "அடிச்சா எங்க நிக்கிறாய் எண்டு கேப்பாங்கள். என்ன சொல்லுவான்? கோர்ன்வாலில பால்கூடை தூக்கிறன் எண்டோ? அவனையும் பிடிச்சு, கடையையும் பூட்டுவாங்கள். உந்த வசதியெல்லாம் வெள்ளையளுக்கு."

அந்தக் கடிதம் வெள்ளைக்காரர் எவருக்கும் போவதில்லை என்பது எங்கள் நாலு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சிவம் அண்ணை அத்தானைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "நீ என்ன சொல்லுறாய்?"

அடியுங்கோ அண்ணை, நான் கதைக்கிறன் என்று சொல்லியிருக்கவேண்டும். பனி என்றால் இந்த நாட்டில் யாரும் மேலே கேள்வி கேட்பதில்லை. அன்று காலை வானொலி முழுக்க அதைத்தான் சொன்னது. ஆனால் பனி ஒரு காரணம் என்பது எங்களுக்கும் பொருந்தும் என்று நம்ப எனக்கு அன்று துணிவில்லை. இன்னொருமுறை பிழைத்தால் என்ற பயம்.

"தெரியேல்லை அண்ணை" என்றேன்.

அவர் தலையாட்டினார். "அப்ப வெளிக்கிடுவம்."

அக்காவின் சால்வையால் கையை நெஞ்சோடு கட்டி, மேலே ஜக்கெற்றைப் போட்டு, அதன் வெறும் கையை உள்ளே மடித்தோம். நிலையத்துக்கு மூன்று மைல். நான் அவருக்கு இடப்பக்கமாக நடந்தேன். வழுக்கிய ஒவ்வொரு தடவையும் அவர் மூச்சை இழுத்துக்கொள்வார். ஐந்து மணித்தியாலத்தில் போகும் ரயில் பதினொரு மணித்தியாலம் எடுத்தது. பெட்டியில் எல்லாரும் குதூகலமாக இருந்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் பிஸ்கற் பகிர்ந்தார்கள். எங்களுக்கும் ஒருத்தி நீட்டினாள். சிவம் அண்ணை இடது கையால் வாங்கிவிட்டு, பிறகு அந்த இடது கையில் பேனையைப் பிடித்து, ஒரு பத்திரிகை ஓரத்தில் கையெழுத்தைப் போட்டுப் பழகினார். கோழி கிண்டினதுபோல வந்தது. "உதைக் கண்டா வேற ஆள் எண்டு நினைப்பினம்" என்றார். பத்திரிகையை மடித்து வைத்துவிட்டார்.

உங்களுக்கு அவருடைய கையெழுத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். மற்றவர்களைப்போல ஒரு சுழி, ஒரு கோடு இல்லை. இந்த நாட்டுக்கு வந்து இறங்கிய அன்று, எங்கே ஒப்பமிடச் சொன்னார்களோ அங்கே பயத்தில் முழுப் பெயரையும் தமிழில் எழுதிவிட்டார்: சிவபாதசுந்தரம். முதல்நாள் அப்படி வைத்தபடியால் ஒவ்வொருமுறையும் அப்படித்தான் வைக்கவேண்டும் என்று நினைத்திருந்தார். ஒன்பது எழுத்து.

மறுநாள் காலை போனோம். அலுவலகத்துக்கு வெளியே வழக்கமாகத் தெருமுனைவரை வரிசை நிற்கும் என்று சொல்லியிருந்தார். அன்று எங்களோடு ஐந்து பேர். உள்ளே, வரிசைக்குப் போட்ட கயிறுகள் வெறுமனே தொங்கின. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் கம்பளித் தொப்பி போட்ட ஒரு பெண். தாளைத் தள்ளினாள்.

சிவம் அண்ணை ஜக்கெற்றுக்குள் கையை விட்டு, சால்வை முடிச்சைத் தளர்த்தி, வலது கையை வெளியே எடுத்து, மேசையில் வைத்தார். விரல்கள் பேனையைச் சுற்றி மூட நேரமெடுத்தது. சி. வ. பா. ஒவ்வொரு வளைவுக்கும் தோள் முழுக்கத் திரும்பியது. 'சு'வில் பேனை நின்றது. நான் அவருடைய முகத்தைப் பார்க்காமல் தாளையே பார்த்தேன். பிறகு மீண்டும் நகர்ந்தது. கடைசி 'ம்'முக்குப் புள்ளி வைத்தபோது பேனை தாளைக் குத்தித் துளைத்தது. கையெழுத்து அச்சொட்டாகப் பழையபடியே இருந்தது.

அந்தப் பெண் அதைப் பார்க்கவே இல்லை. யன்னலைப் பார்த்தாள், எங்கள் நனைந்த சப்பாத்துகளைப் பார்த்தாள். "இந்தப் பனியிலா வந்தீர்கள்? போன் எடுத்திருக்கலாமே" என்றாள், உண்மையான இரக்கத்தோடு. "காலையிலிருந்து எல்லாரும் எடுக்கிறார்கள். வேறு நாள் போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்."

"என்னவாம் தம்பி?"

"போகட்டாம் அண்ணை."

வெளியே வந்ததும், இப்போதாவது ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று கெஞ்சினேன். எங்கே விழுந்தாய், எப்படி விழுந்தாய் என்று கேட்டால் என்ன சொல்வது என்றார். ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு மளிகைக் கடையில் கணக்குப் பார்ப்பவர், ஊரில் முறிவு நெரிவு பார்த்த பரம்பரை என்று சொல்லிக்கொள்பவர், எண்ணெய் பூசி, அப்பிள் பெட்டி அட்டையை வெட்டி மட்டை வைத்துக் கட்டிவிட்டார். எட்டுக் கிழமையில் வலி போனது. மணிக்கட்டு திரும்பிய பக்கமே நின்றுவிட்டது.

வழக்கு இன்னும் மூன்று வருடம் இழுத்து, கடைசியில் அவருக்கு விசா கிடைத்தது. கிடைத்த மாதமே என்னைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். அவரைப் பார்த்த மருத்துவர் இளம் பெண். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, முதல் இரண்டு கிழமைக்குள் வந்திருந்தால் மாவுக்கட்டோடு முடிந்திருக்கும், ஏன் வரவில்லை என்று கேட்டார். மொழிபெயர்த்தேன். சிவம் அண்ணை எக்ஸ்ரேயைப் பார்த்தபடி சொன்னார்.

"ஸ்நோ எண்டு சொல்லு."

சொன்னேன். மருத்துவர் தலையாட்டி, அதை அப்படியே எழுதிக்கொண்டார். வேறு கேள்வி கேட்கவில்லை.

வெளியே நடைக்கூடத்தில் எனக்குப் பொறுக்கமுடியவில்லை. "அண்ணை, அண்டைக்கு அந்தக் கண்ணாடிக்குள்ள இருந்த பொம்பிளை போன் எடுத்திருக்கலாம் எண்டுதான் சொன்னவ. நான் உங்களுக்குச் சொல்லேல்லை."

"தெரியும்" என்றார். "போன் எண்டா எனக்கு விளங்காதே, விசரா?"

"பிறகேன் ஒண்டும் கேக்கேல்லை?"

"நீயும் அண்டைக்குச் சரியாக் களைச்சுப்போய் நிண்டனி."

இவையெல்லாம் நடந்து ஒரு பத்து வருடம் இருக்குமா? கூட்டிப் பார்க்கவும் அலுப்பாக இருக்கிறது. அக்கா கடையை விற்றுவிட்டா. இப்போது அது கோடையில் மட்டும் ஆள் வரும் விடுமுறை வீடு, நீலக் கதவு போட்டிருக்கிறார்கள். கல்லா இருந்த இடத்தில் ஒரு சாய்வு நாற்காலி இருப்பதை இணையத்தில் பார்த்தேன். அத்தானும் சிவம் அண்ணையும் சண்டை ஒன்றும் பிடிக்கவில்லை. ஆனால் ஒரே தெருவில் நடந்தால் ஆளுக்கொரு பக்கம் நடக்கிறார்கள். எங்கள் வீட்டில் கடிதம் வாசிக்க என்னை யாரும் கூப்பிடுவதில்லை. அம்மா தொலைபேசியைக் கடிதத்துக்கு மேலே பிடிக்கிறா, அது தமிழில் வாசித்துச் சொல்கிறது, சின்ன எழுத்தையும் விடாமல். கோடைப் போட்டிகளில் இப்போது எங்கள் பொடியள் எல்லாரும் மேலால் ஓங்கி அடிக்கும் சேர்விஸ்தான் போடுகிறார்கள். பந்து நேரே போய் நேரே விழுகிறது. வலையைத் தாண்டி மனம் மாறும் அந்த ஒன்றைப் போட இப்போது மைதானத்தில் யாரும் இல்லை. போடத் தெரிந்தவர் கோட்டுக்கு வெளியே கதிரை போட்டு இருந்து, இடது கையால் புள்ளி எழுதுகிறார்.

அந்த வலது மணிக்கட்டில் இரண்டு ஒப்பரேசன், ஒரு தகடு, ஏழு ஆணி.